சதுர அடி நாற்பது ரூபாய்

ஃபோர்ட்டில், பழைய பார்சிக் கட்டடத்தின்
மாடிப்படிக்கு அடியில் எங்கள் கடை.
பெரிய தாள்களை விழுங்கித் துப்பும் இயந்திரம் ஒன்று,
மேசைவிசிறி ஒன்று, நான்.

ஜான்கி வர்ட்டா வந்த அன்று பேய்மழை.
அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்,
குடை முழுக்க ஒரு பிவிசி குழாய்க்கு.
உள்ளே வரைபடம். முதுகில் துணி ஒட்டியது,
மைலுக்கு ஓர் அங்குலம்,
வெள்ளைக்காரன் காலத்து அளவை.

"துளசி ஏரிக்கு மேலே, மலைக்குள் எங்கள் பாடா.
எப்போது வந்தீர்கள் என்று வனத்துறை கேட்கிறது.
வரவில்லை, இருந்தோம் என்றால்
தாள் எங்கே என்கிறது."
பாதி இந்தி, பாதி மராட்டி.
விலையையும் கேட்டுக்கொண்டாள்.

திரையில் மலை பெரிதானது.
சமவுயரக் கோடுகளைக் கைரேகை என்பார்கள்.
எனக்கென்னவோ தோசைக்கல்லில்
கரண்டி சுற்றிய தடமாகத்தான் தெரியும்.
பனைகள் இருந்தன, தனித்தனியாக மூன்று.
பனையேறியவன் இல்லை.
சுண்ணாம்புக் காளவாய் இருந்தது, ஒரு சமாதி இருந்தது,
பாடா இல்லை.

ஆனால் ஒற்றையடிப் பாதை ஒன்று,
எறும்பு வரிசை போலப் புள்ளிபுள்ளியாக
ஏரியிலிருந்து ஏறி, மூன்று வளைவு வளைந்து,
தாளின் வடக்கு விளிம்பில் முட்டி நின்றது.
எங்கும் போகாத பாதையை
யார் மெனக்கெட்டு மிதித்திருப்பார்கள்?

"பக்கத்துத் தாள் வேண்டும்" என்றேன்.

பதினொரு நாள் கழித்துக் கொண்டுவந்தாள்.
ஏதோ கல்லூரியின் இரும்பு அலமாரி,
ஒரு விரிவுரையாளரின் கையெழுத்து,
மாலை ஐந்துக்குள் திரும்பவேண்டும்.
இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.
கடற்காற்றில் காகிதம் சுருங்குமாம்.
மூன்று மில்லிமீட்டர் விலகல்;
தரையில் அது இருநூறு கெஜம்.
அந்த இருநூறு கெஜத்தைத் தாண்டிப் பாதை தொடர்ந்தது.
நீல வட்டம், கிணறு.
அதைச் சுற்றிக் கறுப்புப் பொட்டுகள்.

மேலே ஆங்கிலத்தில் அம்பர்டன்,
ஏதோ பிஸ்கட்டின் பெயர்போல.
வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.
"உம்பர்தோண்ட்!"
உம்பர் என்றால் அத்தி, தோண்ட் என்றால் வாய்.
அத்திவாய் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.
பஸ் நிற்கிற ஊர்போல் இருந்தது.

பொட்டுகளை எண்ணினாள், ஈர விரலால்
திரையைத் தொட்டுத் தொட்டு.
எட்டு.
"சரியாக எட்டு. கடைசியில் தள்ளி நிற்கிறதே, அது எங்களுடையது."

எனக்கு அந்த எட்டாவதின் மேல் சந்தேகம்.
மற்றவை சதுரம். இது உருண்டை.
சும்மா இருந்திருக்கலாம்.
நீதிமன்றத்தில் யாரோ மூலத்தாளைப் பிரித்தால்?
மென்தூரிகையால் தாளைத் தட்டி
இன்னொரு முறை இயந்திரத்தில் விட்டேன்.

ஏழு.

விசிறி ஒரு சுற்றுத் திரும்பி வரும்வரை
அவள் திரையையே பார்த்தாள்.
"அந்த வருஷம் புல் வெட்ட வசைக்குப் போயிருப்பார்கள்" என்றாள்.
பிறகு, "ஏழு போதும்.
பாடா என்று சொல்ல ஏழு போதும்."

இரண்டு தாள், எட்டுச் சதுர அடி.
மறுஸ்கேனுக்குக் காசு வாங்கவில்லை.
அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.
நாலரைக்குக் குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு
ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

கடை மூடுமுன் முதல் தாளின் கோப்பைத் திறந்தேன்.
தெற்கே இறங்கி, மாஹிம் கழிமுகம் தாண்டி,
நாங்கள் பன்னிரண்டு பேர் படுத்துறங்கும் சந்து
இருக்கவேண்டிய இடம்.
குறுங்கோடுகள், நீலம். சேறு என்று அர்த்தம்.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்,
தூசிகூட இல்லை.

நாங்கள் வந்தவர்கள்.
கேட்டால் வருஷம், கப்பலா ரயிலா, எல்லாம் சொல்வோம்.
யாரும் கேட்கவில்லை இதுவரை.